குஞ்சுக்கு ஏது சினை

மீன் இறங்குதளத்தில் அவருக்கு அளவுக்காரம்மா என்று பெயர். மீன்வள ஆராய்ச்சி நிலையத்தில் சேர்ந்த நாளிலிருந்து கையில் ஓர் அளவுப்பலகையோடு திரிந்தவர். ஏலக்காரர் தொண்டை கிழியக் கத்திக்கொண்டிருக்க, இவர் கூடையோரம் குந்தி, ஒவ்வொரு மீனாகப் பலகையில் கிடத்தி வால் எங்கே முடிகிறது என்று பார்ப்பார். அம்மா மீனுக்குச் சட்டை தைக்கப் போகிறார் என்பது அங்கே பழைய கேலி.

வேலைக்கு வந்த புதிதில் சங்கரா மீன்களின் தலையைப் பிளந்து, உள்ளே இருக்கும் சின்னக் காதுக்கல்லை எடுத்து, நுண்ணோக்கியில் அதன் வளையங்களை எண்ணினார். ஆண்டுக்கு ஒரு வளையம். இத்தனை நீளம் என்றால் இத்தனை வயது என்று ஓர் அட்டவணை போட்டார். பிறகு தலையைப் பிளக்கும் தேவை யாருக்கும் வரவில்லை. நீளத்தை அளந்தால் வயதை அட்டவணை சொல்லிவிடும். ஒழுங்காகச் செய்த வேலைதான். ஒழுங்காகச் செய்த வேலையை யாரும் திரும்பச் செய்து பார்ப்பதில்லை, அதுதான் அதிலுள்ள ஆபத்து.

போகப் போகக் கூடைகளில் மீன் சிறுத்தது. படகுகள் குஞ்சுகளை அள்ளுகின்றன என்று நிலையம் முடிவுகட்டியது. அவருக்கும் அதில் சந்தேகம் இல்லை. சாண் நீளம்கூட இல்லாத சங்கராவைப் பிடித்தால் உரிமம் போகும் என்று விதி வந்தது. மாட்டியவர்களில் ஒருவர் அவருடைய சொந்தத் தம்பி.

விசாரணைக்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை, பக்கத்துப் படகில் வாங்கிய மீனோடு தம்பி வீட்டுக்கு வந்தார். விதிப்படி கண்ணி உள்ள வலைதான் போட்டேன், அதில் விழுவதே இந்த அளவுதான் என்று சத்தியம் செய்தார். மாமனார் வீட்டில்கூடத் தன்னைக் குஞ்சு பிடிப்பவன் என்று பேசுவதாகக் குறைப்பட்டார்.

"நீ ஒரு வார்த்தை சொன்னா விட்டுடுவாங்கக்கா."

"என்னன்னு சொல்றது? என் தம்பின்னா?"

தம்பி மீன் பையைச் சமையலறைத் தொட்டியில் கொட்டினார். "அப்ப இந்தா, உன் குஞ்சுங்களை நீயே வளர்த்துக்க."

கூடத்தில் போய் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். அக்கா மீனைக் கழுவ ஆரம்பித்தார். உள்ளங்கை நீளமுள்ள ஒன்றின் வயிற்றைக் கீறியவர், அப்படியே நின்றார். இன்னொன்றைக் கீறினார். அதுவும் அப்படித்தான்.

"டேய், இங்க வா. இது என்ன?"

"சினை."

"குஞ்சுக்கு ஏதுடா சினை?"

தம்பி சிரித்தே விட்டார். அக்காவுக்குச் சிரிப்பு வரவில்லை. தலைகளை மட்டும் தனியாக எடுத்துக் குளிர்பெட்டியில் வைத்தார்.

திங்கள் காலை காதுக்கற்களில் ஐந்து வளையங்கள் தெரிந்தன. அட்டவணைப்படி அந்த நீளத்துக்கு ஒரு வயதுகூட நிரம்பியிருக்கக் கூடாது. கடல்நீர் சூடேறி வருவது நிலையத்துக்குத் தெரியாததல்ல. பக்கத்து அறையில் தினமும் அதைக் குறித்துக்கொண்டிருந்தார்கள். அந்தச் சூட்டில் மீன் அதிகம் வளராமல், சிறிய உடம்பிலேயே சினை பிடிக்கிறது. அந்த அறையையும் மீன் கூடையையும் யாரும் சேர்த்துப் பார்க்கவில்லை, அவர் உட்பட.

விசாரணையில், பிடிபட்டவர் தன் தம்பி என்பதை முதலில் சொன்னார். அதனால் கற்களை வேறொருவர் எண்ண வேண்டும் என்றார்.

"நீங்க போட்ட அட்டவணையையே தப்புங்கிறீங்களா?" என்று இயக்குநர் கேட்டார்.

"போட்டப்ப சரிதான் சார். இப்ப இருக்கிற மீனுக்கு அது ஆகாது."

வேறொருவர் எண்ணினார். ஐந்துதான். நீள விதி நிறுத்திவைக்கப்பட்டது. தம்பிக்கு உரிமம் திரும்பியது. ஆனால் தடைக்காலத்துக்கு முன்பே மீனில் சினை இருந்ததால், சினைக்காலம் முன்னதாகவே வந்துவிடுகிறது என்பதும் அதோடு வெளிப்பட்டது. மீன்பிடித் தடைக்காலத்தை முன்தள்ளி, நீட்டியும் விட்டார்கள். எல்லாப் படகும் கரையேறியது.

"நீ என்னைக் காப்பாத்துனியா, கட்டிப்போட்டியான்னே தெரியலக்கா" என்றார் தம்பி.

நிலையத்துக்கு மாதிரி மீன் பிடிக்க ஒரு படகு மட்டும் கடலுக்குப் போகும் என்று அக்கா சொன்னார்.

"என்னுதா?"

"இல்லடா. நீ என் தம்பியாச்சே."