கிணற்றுக்குள் பறந்த தூசு

1. முதலாளி மேலே வந்தார்

திருத்தணியில் ஒரு தியேட்டரில் இருபத்திரண்டு வருஷமாக நான் ஆபரேட்டர். முதலில் ரீல் ஓட்டினேன். இப்போது டிஜிட்டல். வேலை ஒன்றுதான், படம் திரையில் சரியாக விழ வேண்டும். புதிதாக இந்த வேலைக்கு வருகிறவர்களுக்காக ஒரு நாள் நடந்ததை எழுதுகிறேன். தப்பு என்னுடையது.

எங்கள் முதலாளிக்கு முழங்கால் வலி. மாடியில் மெஷின் இருக்கும் கேபினுக்குப் படிக்கட்டு ஏற மாட்டார், எதுவானாலும் போன்தான். அந்தத் திங்கட்கிழமை மேட்னி இடைவேளையில் ஏறி வந்தார். மூச்சு வாங்கியது.

"இன்னா நைனா, படமா இது? கரண்டு போன வூட்ல குந்திகினு இருக்கற மாதிரி குந்திகினு சத்தம் போடறாங்க ஜனங்க."

"அது இருட்டாத்தான் எடுத்திருக்காங்க மொதலாளி."

"நகரியிலேர்ந்து வந்தவன் ஒருத்தன் கவுண்டர்ல வந்து, டார்ச் லைட்டு வாடகைக்குக் கெடைக்குமான்னு கேக்கறான். மெஷின் லேம்பு வெளிச்சத்த ஏத்து."

"ஏத்துனா வெயில் சீன்லாம் வெளுத்துப்பூடும்ங்க."

"வெளுக்கட்டும். மூஞ்சி தெரியணும் இல்ல?"

நான் லேம்பை ஏத்தவே இல்லை. அவர் கொஞ்ச நேரம் மெஷினைப் பார்த்தார்.

"சாயந்திர ஷோ ஒண்ணு பாப்பேன். அதுலயும் சத்தம் போட்டாங்கன்னா நாளைக்கு இத்த எடுத்துட்டு தெலுங்குப் படம் போட்டுடுவேன். அப்புறம் என்னைக் கேக்காத."

கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு ஒவ்வொரு படியாக இறங்கினார்.

2. அந்தப் படம்

ஆயிரக்கணக்கில் படம் ஓட்டியிருக்கிறேன். உட்கார்ந்து பார்த்தது கொஞ்சம்தான். இதை வெள்ளிக்கிழமையிலிருந்து எல்லா ஷோவும் பார்த்தேன்.

கிணறு வெட்டுகிற புருஷன் பெண்டாட்டி கதை. அவன் கீழே வெட்டுவான். அவள் மேலே கயிறு இழுப்பாள். பாதிப் படத்தில் அவனுக்குக் கை போய்விடும். அப்புறம் அவள் உள்ளே இறங்குவாள்.

முதல் பாதி முழுக்கக் கேமரா மேலேயிருந்து கிணற்றுக்குள் பார்க்கிறது. அவன் ஒரு எறும்பு மாதிரி தெரிகிறான். இரண்டாம் பாதியில் கேமரா கீழே போய்விடும். அங்கிருந்து பார்த்தால் வானம் ஒரு தட்டு அளவு. விளிம்பில் அவன் தலை, கரிய புள்ளி. யார் பக்கம் நின்று கதை சொல்கிறார்கள் என்பது வசனம் இல்லாமலே புரிகிறது.

கடிகாரத்தை ஒரு தடவையும் காட்டவில்லை. காலையில் வெயில் மேற்குச் சுவரில் விழும். மத்தியானம் தரைக்கு வரும். சாயந்திரம் கிழக்குச் சுவரில் ஏறும். அதை வைத்து மணி சொல்லலாம். கிணற்றுக்குள் செட் லைட் வைத்த மாதிரி எங்கேயும் தெரியவில்லை.

கடைசியில் ஊற்று கிளம்பும். தண்ணீரில் பட்ட வெயில் திரும்பி அவள் முகத்தில் அசையும். அவ்வளவுதான் அந்த சீன்.

இன்னொன்றும் எனக்குப் பிடித்திருந்தது. கிணற்று இருட்டு முழுக் கருப்பாக இல்லை. புகை படிந்த மாதிரி சாம்பலாக இருந்தது. மண் வெட்டினால் தூசு பறக்கும் இல்லையா, அதைக் கேமராமேன் வெளிச்சத்தில் பிடித்திருக்கிறார் என்று நினைத்தேன். எதிர் டீக்கடையில் எல்லோரிடமும் அதைச் சொன்னேன். நான் அதிகம் பேசுகிற ஆள் இல்லை. அந்தத் தூசைப் பற்றி மூன்று நாள் பேசினேன்.

3. தேவகி சொன்னது

மேட்னி முடிந்தது. நான் பால்கனியில் வந்து நின்றேன். ஹாலைப் பெருக்குகிற தேவகி வரிசையாகக் குனிந்து வந்தாள். கே.ஜி.கண்டிகையிலிருந்து பஸ்ஸில் வந்து போகிறவள். ஞாயிற்றுக்கிழமை லீவு போட்டிருந்தாள்.

"இன்னாண்ணா, மொதலாளி மேல ஏறுனாராமே? முட்டி உழுந்துடலியே?"

"படம் இருட்டா இருக்குதாம். எடுத்துடுவேன்றாரு."

"இருட்டுதாண்ணா. எனக்கே தெரியல. நேத்து அரக்கோணத்துல பாத்த அப்புறம்தான் தெரிஞ்சுது."

"இந்தப் படத்தையா?"

"ஆங். அக்கா வூட்டுக்குப் போயிருந்தேன் இல்ல, அவங்கதான் இட்டுகினு போனாங்க. இங்க தொடப்பத்தோட நின்னுகினு துண்டு துண்டாப் பாத்தேன். அங்க காசு குடுத்துக் குந்திப் பாத்தேன்."

"இன்னா வித்தியாசம்?"

"கடைசில அந்தப் பொண்ணு கண்ண மூடிகினு இருக்குதுன்னுதான் இங்க நெனச்சேன். மூடலண்ணா. தொறந்துதான் இருக்குது. கண்ணுல தண்ணி நிக்குது. உழல. உழும் உழும்னு பாத்துகினே இருக்கேன், உழவே இல்ல."

நான் அதைப் பார்த்ததில்லை. பத்துப் பதினோரு ஷோ ஓட்டியும் பார்த்ததில்லை.

"அங்க லேம்ப் புதுசா இருக்கும்" என்றேன்.

"அதெல்லாம் எனக்குத் தெரியாது. நீ சொல்லிகினு இருந்தியே தூசு, அதுகூட அங்க இல்ல. கெணத்துக் கல்லு வரிசையா எண்ணலாம்."

லேம்ப் பழசானால் படம் மங்கும். தூசு வராது.

4. கண்ணாடியின் அந்தப் பக்கம்

கேபினுக்கும் ஹாலுக்கும் நடுவில் ஒரு கண்ணாடி உண்டு. போர்ட் கிளாஸ் என்போம். வெளிச்சம் அதன் வழியாகத்தான் திரைக்குப் போகும். கேபின் பக்கத்தை நான் தினமும் துடைப்பேன். ஒரு நாள் தவறியதில்லை. ஹால் பக்கம் பால்கனிச் சுவரில் ஆள் உயரத்துக்கு மேலே இருக்கிறது. அதைத் துடைத்த ஞாபகமே இல்லை.

எங்கள் தியேட்டரில் ஒரு வழக்கம். புதுப்படம் வந்தால் முதல் ஷோவுக்கு முன்னால் அந்தக் கண்ணாடிக்கு நேராகக் கற்பூரம் காட்டுவோம். முதலாளியின் அப்பா ஆரம்பித்தது. வெளிச்சம் வருகிற வாசலுக்கு ஆரத்தி என்பாராம். ஸ்டூல் மேல் ஏறித் தட்டைத் தூக்கிப் பிடிப்பது நான். கற்பூரம் அணையும் வரை பிடிக்க வேண்டும்.

ஏணி கொண்டுவந்து ஏறினேன். விரலால் ஒரு கோடு இழுத்தேன். விரல் கறுத்துவிட்டது.

"இன்னாண்ணா, மையா?" என்றாள் கீழே ஏணியைப் பிடித்திருந்த தேவகி.

"ஆங்."

"வெச்சிக்கோ, அழகா இருக்கும்."

ஸ்பிரிட் தொட்டுத் துடைத்தேன். மூன்று துணி கறுத்துப்போனது. எத்தனை வருஷக் கற்பூரமோ. வெளிச்சமான படங்களில் தெரியவில்லை. இருட்டை நம்பி எடுத்த படம் வந்ததும் தெரிந்துவிட்டது. திரையில் நான் பார்த்த தூசு என் கையால் ஏறிய கரி.

5. சாயந்திர ஷோ

படத்தைப் போட்டுவிட்டுக் கீழே வந்தேன். முதலாளி நடு வரிசையில் கால் நீட்டி உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் உட்கார்ந்தேன். லேம்பை ஏத்தவில்லை.

கிணறு வந்தது. கல் வரிசை தெரிந்தது. கல் இடுக்கில் ஒரு வேர் தொங்கியது. அதற்கு முன் நான் அந்த வேரைப் பார்க்கவில்லை. இருட்டு நல்ல கருப்பாக இருந்தது. அதனால் சின்ன வெளிச்சமும் எடுத்துக் காட்டியது. யாரும் சத்தம் போடவில்லை.

கடைசி சீனில் அவள் கண் திறந்திருந்தது. தண்ணீர் நின்றது. விழவில்லை. அந்தக் கண்ணுக்காகத்தான் படம் முழுக்க இருட்டை வைத்திருக்கிறார்கள் என்று அப்போதுதான் புரிந்தது.

"லேம்ப ஏத்திட்டியா?" என்றார் முதலாளி.

"இல்லைங்க. கண்ணாடியத் தொடச்சேன். கற்பூரக் கரி. நான்தான் பாக்காம வுட்டுட்டேன்."

அவர் திரையையே பார்த்துக்கொண்டிருந்தார். அவருடைய அப்பா வைத்த வழக்கம். எடுக்கச் சொல்வாரா, திட்டுவாரா, தெரியவில்லை.

"எங்கப்பா மேட்னிக்கு மேட்னி தொடைக்கச் சொல்வாரு" என்றார். "கற்பூரத்த வெச்சிகினு தொடைக்கறத வுட்டுட்டோம்." கொஞ்சம் கழித்து, "இனிமே கற்பூரத்த வாசல் கேட்டாண்ட ஏத்து. சாமி அங்கயும் வருவாரு. இந்தப் படம் வியாழக்கிழமை வரிக்கும் ஓடட்டும்."

6. கற்றுக்கொண்டது

கேபினில் இருப்பவன் எப்போதும் கண்ணாடிக்கு இந்தப் பக்கமே இருக்கிறான். ஒரு படம் எப்படி எடுக்கப்பட்டிருக்கிறது என்று பேசும் முன், நம் பக்கத்து அழுக்கு அதில் எவ்வளவு என்று பார்க்க வேண்டும். இப்போது வெள்ளிக்கிழமை முதல் ஷோவில் பத்து நிமிஷம் ஹாலில் உட்காருகிறேன். அதற்கு முன் ஏணி போட்டு அந்தப் பக்கத்தைத் துடைக்கிறேன். மெஷினை நன்றாகத்தான் ஓட்டினேன், ஆனால் அது மட்டும் போதவில்லை.

அன்றைக்கு ஷோ விட்டதும் தேவகி துடைப்பத்தோடு வந்தாள். கூட்டம் இன்னும் வாசலில் படத்தைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தது.

"இன்னாண்ணா, கெணத்துல தூசியே காணோம்?"

"தொடச்சிட்டேன்."