கண்ணாடிப் பெட்டியில் வைத்த கிசுகிசு

1. ஒரு போன்

டெல்லியில் ஒரு சினிமா நூலகத்தில் முப்பத்திரண்டு வருடம் கேட்டலாகிங், அதாவது நூல்களையும் இதழ்களையும் பட்டியலிடும் வேலை பார்த்தேன். ரிட்டயர் ஆக நான்கு மாதம் இருக்கும்போது அந்த போன் வந்தது.

"கல்யாணி மேடமா? எக்ஸிபிஷன்ல அந்த கேப்ஷன் எழுதினது நீங்கதானா?"

"ஆமா. நீங்க?"

"நீங்க எழுதின அந்த லேடி என்னோட அம்மா. அவங்க உயிரோடதான் இருக்காங்க."



நடந்தது இதுதான். ஐம்பதுகளில் லண்டனில் வந்த சினிமா வாரப் பத்திரிகைகள் எங்களிடம் பைண்ட் வால்யூம்களாக இருந்தன. நட்சத்திரக் கிசுகிசு, பட விமர்சனம், பின்னணி இசைக்குத் தனியாக ஒரு பக்கம் என்று சுவாரசியமாக இருக்கும். சில இதழ்களைக் கண்ணாடிப் பெட்டியில் வைத்துக் கண்காட்சி நடத்தினோம். வருகிறவர்கள் நின்று படிக்க வேண்டுமே என்று நான் ஒரு கிசுகிசுவைத் தேர்ந்தெடுத்தேன். இந்தியாவில் நடப்பதாக எடுத்த ஒரு பிரிட்டிஷ் படத்துக்கு லண்டனில் நடந்த இசை ரெக்கார்டிங் பற்றியது. வயலின் சோலோ வாசிக்க வந்த மிஸ் லலிதா என்ற மெட்ராஸ் மாணவி குடித்துவிட்டு வந்தாராம். இசையமைப்பாளர் அவரை வெளியே அனுப்பிவிட்டு வேறு ஆளை வாசிக்க வைத்தாராம். அதற்குக் கிண்டலாக ஒரு கேப்ஷன் எழுதி, கீழே என் பெயரையும் போட்டேன். எழுதும்போது சிரித்தேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

யாரோ அதை போட்டோ எடுத்து டெல்லி ஆர்.கே.புரம் தமிழர்களின் வாட்ஸப் குரூப்பில் போட்டிருக்கிறார்கள். அந்தக் குரூப்பில் பாதிப் பேர் லலிதா அம்மாவிடம் பாட்டும் வயலினும் கற்றவர்கள்.

"அம்மா மூணு நாளா ரூமை விட்டு வெளியில வரலை மேடம்," என்றார் மகன் ரவி. "கானா-வானா எல்லாம் பந்த், சாப்பாடே இறங்கலை. தொண்ணூறு தாண்டியாச்சு அவங்களுக்கு. லீகல் நோட்டீஸ் ரெடியா இருக்கு. ஆனா அதுக்குள்ள அம்மாவுக்கு ஏதாவது ஆச்சுன்னா..."

போனை வைத்துவிட்டார்.

2. தேடல்

அந்த இதழை உடனே பெட்டியிலிருந்து எடுத்தேன். எங்கள் டைரக்டர் மேடம் என்னைக் கூப்பிட்டு இந்தியில் சொன்னார்: "கல்யாணிஜி, கேப்ஷன்ல இருக்கறது உங்க பேர். நோட்டீஸ் வந்தா என்கொயரி. உங்க ரிட்டயர்மென்ட் பேப்பர் எல்லாம் அப்படியே நின்னுடும்."

அந்தப் பயம் இருந்தது. ஆனால் போன் அடிக்கும்போதெல்லாம் நான் அதைவிடப் பயந்தது லலிதா அம்மாவுக்கு ஏதாவது ஆகிவிட்டது என்ற செய்திக்குத்தான். ரவியின் நம்பர் திரையில் வந்துவிடக் கூடாது என்று வேண்டிக்கொண்டே இருந்தேன்.

பத்திரிகை பின்னால் மறுப்பு ஏதாவது போட்டிருக்கும் என்று அடுத்தடுத்த இதழ்களைப் புரட்டினேன். காகிதம் தொட்டால் உதிரும். ஒவ்வொரு பக்கமாக, இரண்டு கையாலும் தாங்கித்தான் திருப்ப வேண்டும். வாசகர் கடிதம்வரை படித்தேன். மூன்று மாத இதழ்களில் மறுப்பு என்று ஒரு வரிகூட இல்லை.

நான்காவது மாத இதழில் அந்தப் படத்தின் விமர்சனம் இருந்தது. அதில் லலிதாவின் பெயர் இல்லை; அதே இதழின் இசைப் பக்கத்தைப் படிக்கையில்தான் நின்றேன். படத்திலேயே சிறந்தது அந்த வயலின் சோலோதான், வாசித்தவர் மெட்ராஸ் மாணவி மிஸ் லலிதா, ஒரே டேக்கில் முடித்தார் என்று இசையமைப்பாளரே சொன்னார் என்றிருந்தது. அதே பத்திரிகை. நான் அத்தனை தூரம் புரட்டாமலே கேப்ஷன் எழுதியிருந்தேன்.

3. துவாரகாவில்

ஜெராக்ஸ் எடுத்துக்கொண்டு டெல்லியின் துவாரகா பகுதியில் இருந்த அவர்கள் ஃபிளாட்டுக்குப் போனேன். ரவி உள்ளே அழைத்துப் போனார். லலிதா அம்மா கட்டில் ஓரத்தில் உட்கார்ந்திருந்தார்.

"நீதான் எழுதினவளா?"

"ஆமாம்மா. மன்னிச்சிடுங்க."

"அன்னிக்கு எனக்கு நல்ல ஜுரம். வீட்டுக்காரம்மா மருந்துன்னு ரெண்டு ஸ்பூன் பிராந்தி குடுத்தா. அந்த வாசனைதான். வாசிச்சு முடிச்சிட்டுத்தான் மயங்கி விழுந்தேன். அது பத்திரிகையில வந்தப்புறம் ஒரு ஸ்டூடியோவும் கூப்பிடலை. ஊருக்குக் கப்பலேறிட்டேன்."

ஜெராக்ஸைப் படித்துக் காட்டினேன். இன்னொரு தடவை படிக்கச் சொன்னார். படித்தேன்.

"நான் கிளம்பினப்புறம் வந்திருக்கு," என்றார். குரல் திடீரென்று உயர்ந்தது. "இத்தனை வருஷம் கழிச்சுக் கொண்டு வர்றியே!"

நான் தலை குனிந்து நின்றேன். ஜெராக்ஸைக் கையில் வாங்கிக்கொண்டு அவரே சொன்னார்: "ஒருத்தன் காது குடுத்துக் கேட்டிருக்கான். போதும்." பிறகு மகனிடம், "நோட்டீஸ் வேண்டாம்டா. இதையும் அந்தக் குரூப்ல போடு. எல்லாரும் பாக்கட்டும்," என்றார்.

கிளம்பும்போது என்னைக் கேட்டார்: "பயந்துட்டியா?"

"ரொம்பம்மா."

"பயப்படணும். அடுத்தவங்களைப் பத்தி எழுதறவங்க பயப்படணும்."

மீதி இருந்த மாதங்களில் ஒவ்வொரு கேப்ஷனுக்கும் முன்னால் இரண்டு கேள்வி கேட்டுக்கொண்டேன். இவர் உயிரோடு இருக்கிறாரா? அடுத்த இதழ்களில் என்ன வந்தது? இந்த வேலைக்குப் புதிதாக வருகிறவர்களுக்கு நான் சொல்ல விரும்புவதும் இவ்வளவுதான்: பழைய காகிதத்தில் இருக்கும் பெயருக்கு எங்கோ ஒரு வீடும், கட்டிலும், அம்மாவுக்கு என்ன ஆகுமோ என்று பயப்படுகிற ஒரு பிள்ளையும் இருக்கலாம்.