ஹருயோ தனியாகப் பாடிய நான்கு வரிகள்

"சாகிற வரைக்கும் வச்சிருக்கிற மாதிரி ஒரு ரெக்கார்டு பிளேயர் காட்டுங்க. இன்னொண்ணு வாங்க நான் வரமாட்டேன்," என்றார் குராமோச்சி.

ஒசாகாவின் அந்தக் கடைக்காரர் இகராஷி சிரித்தார். "இது உங்களையும் தாண்டி ஓடும், குராமோச்சி சான். எத்தனை ரெக்கார்டு வச்சிருக்கீங்க?"

"ஒண்ணு."

கூட வந்த மகள் மினோரி பெருமூச்சு விட்டாள். "நானும் சொல்லிப் பார்த்துட்டேங்க. டாக்ஸி ஓட்டினவரு இல்லையா, கண்ணாடியில பின்னாடி பார்த்தே பழகிட்டாரு."

அந்த ஒன்று, அவர் மனைவி ஹருயோவின் பாட்டுக்குழு ஓர் இலையுதிர் காலத்தில் டோக்கியோவில் போட்ட இசைத்தட்டு. அதில் நான்கு வரிகள் அவள் தனியாகப் பாடியிருந்தாள். இரவெல்லாம் டாக்ஸி ஓட்டி, பகலெல்லாம் தூங்கிய மனிதர், அவள் பாடி ஒருநாளும் கேட்டதில்லை. அவளும் வெட்கப்பட்டுத் தட்டைத் துணியில் சுற்றி அலமாரியில் வைத்துவிட்டாள்.

"நான் போனப்புறம் கேளுங்க. இப்பக் கேட்டா கேலி பண்ணுவீங்க," என்றாள்.

அடுத்த வசந்தத்தில் நுரையீரல் நோய் அவளைக் கொண்டுபோயிற்று. நாற்பத்தொன்பதாம் நாள் காரியம் முடிந்ததும், தன் பழைய பிளேயரையும் தூக்கிக்கொண்டு டோக்கியோவை விட்டு மகள் வீட்டுக்கு ஒசாகா வந்தார். மினோரி வேலைக்குப் போனதும் ஊதுவத்தி ஏற்றி, தட்டைச் சுழலவிடுவார். பள்ளிக்கூடப் பெண் போலத் துள்ளும் அந்தக் குரல்! ஆறு வருடம் அதுதான் அவருக்குத் துணை. இப்போது பழைய முள் தட்டைச் சுரண்டத் தொடங்கியிருந்தது. குரல் தேய்ந்துபோனால் அவள் இரண்டாம் முறை சாவாள்.

இகராஷி தட்டை வைத்து முள்ளை இறக்கினார். கனத்த, நிதானமான குரல் ஒன்று எழுந்தது.

"நிறுத்துங்க! இது என் பொண்டாட்டி இல்ல!"

மினோரியின் கண்கள் நிறைந்துவிட்டன. "அப்பா... இதுதாம்ப்பா அம்மா. ராத்திரி நீங்க வண்டிக்குப் போனப்புறம் அடுப்படியில இப்படித்தான் பாடுவாங்க."

இகராஷி மெல்லக் கேட்டார். "பழசு டோக்கியோவில வாங்கினதா? இங்க வந்ததும் மோட்டார் சக்கரத்தை மாத்துனீங்களா?"

"எதுக்கு மாத்தணும்?"

"அங்க கரண்டு துடிப்பு செகண்டுக்கு அம்பது, இங்க அறுபது. மாத்தலேன்னா தட்டு வேகமா ஓடும். குரல் கீச்சுன்னு சின்னப் பொண்ணு மாதிரி ஆயிடும்."

ஆறு வருடம் யாரோ ஒருத்தியோடு பேசிக்கொண்டிருந்தாரா? குராமோச்சி கடைக்காரர் பக்கம் திரும்பினார். "இன்னொரு தடவை போடுங்க."

இம்முறை கண்ணை மூடிக் கேட்டார். மூன்றாம் வரிக்கும் நான்காம் வரிக்கும் நடுவே ஹருயோ மூச்சுக்குத் திணறினாள். வேகத்தில் இத்தனை நாள் அது காதில் விழவே இல்லை. தட்டுப் போட்ட அந்த இலையுதிர் காலத்தில், ஏன் மூச்சு வாங்குகிறது என்று அவர் கேட்டபோது, "வெறும் ஜலதோஷம்," என்றிருந்தாள். அவரும் போர்வையை இழுத்துக்கொண்டு தூங்கப் போய்விட்டார்.

அவர் முகத்தைப் பார்க்கச் சகிக்காமல் இகராஷி சொன்னார், "இதுல வேகத்தைக் கூட்டுற திருகு இருக்கு, ஐயா. வேணும்னா பழைய மாதிரியே கேக்கலாம்."

"வேண்டாம்." கிழவரின் குரல் உடைந்தது. "அவ மூச்சு வாங்குனப்போ பக்கத்து அறையில தூங்கினவன் நான். இனிமேலாவது முழிச்சிருந்து கேக்கிறேன். முள்ளு லேசா படுற மெஷின் எதுவோ, அதைக் குடுங்க."