கையுறையோடு அழுத்தும் பொத்தான்

மின்சாரக் கார்களுக்குச் சார்ஜ் ஏற்றும் கருவிகள் எப்படி இருக்க வேண்டும் என்று விதி எழுதும் குழுவில் நானும் ஒருத்தி. எங்கள் சின்னக் கம்பனி என்னை அனுப்பியிருந்தது. அங்கே ஒரு சொல்லுக்காக அரை நாள் வாதாடுவார்கள். எனக்கோ கல்யாண வீட்டுக்குப் போன மாதிரி அவ்வளவு புளுகம், அவ்வளவு சந்தோசம்.

நான் கொண்டுபோனது ஒரேயொரு வரி: பிளக்கைக் கழற்றும் பொத்தானைத் தடித்த கையுறையோடும் அழுத்த முடிய வேண்டும். ஒரு தை மாதக் குளிரில், கனடாவின் ஸ்காபரோவில், கையுறையைக் கழற்றிவிட்டு அதை அழுத்தி, விரல் விறைத்து அழுதவள் நான். அந்த வரி விதியில் ஏறாவிட்டால் எனக்குப் பைத்தியமே பிடித்திருக்கும்.

வரைவை நீங்களே எழுதுகிறீர்களா என்று தலைவர் கேட்டார். ஐயோ வேண்டாம், வேறு யாராவது எழுதட்டும் என்றேன். எங்கள் வீடுகளில் தேநீர் வேண்டாமென்றால் இன்னும் இரண்டு தரமாவது கேட்பார்களே! அவர் கேட்கவில்லை. எழுத ஆளில்லை என்று குறித்துவிட்டு அடுத்த விடயத்துக்குப் போய்விட்டார். எழுத ஆளில்லாத வரி அங்கே தானாக விழுந்துவிடும்.

வெட்கத்தை மூட்டை கட்டி வைத்துவிட்டு, இடைவேளையில் ஓடிப்போய்த் தலைவரைப் பிடித்தேன். நானே எழுதுகிறேன் என்றேன். அடுத்த கூட்டத்துக்கு வரைவோடு ஒரு சோடி பனிக் கையுறையும் ஒரு பிளக்கும் கொண்டுபோனேன். ஒவ்வொருவராக மாட்டிப் பார்த்தார்கள். எதிர்த்து வாக்களிக்க வந்திருந்த பெரிய கம்பனிக்காரர் பிளக்கோடு மல்லுக்கட்டியதில் மேசைத் தண்ணீர் கொட்டியது. சிரிப்பு அடங்கியபோது வரி ஏறியிருந்தது.

அதைப் பின்பற்றும்படி சட்டம் எதுவும் இல்லை. ஆனால் மாடிக் குடியிருப்பு ஒன்றின் நிர்வாகம் அந்த விதிப்படி செய்த கருவிதான் வேண்டும் என்றது. பிறகு பக்கத்து நகரமான பிறம்ரனில் சரக்குக் களஞ்சியம் நடத்துபவர்களும் கேட்டார்கள். விற்கிறவர்கள் வேறு வழியில்லாமல் மாறினார்கள்.

போன குளிர்காலம் ஸ்காபரோ பிளாசா ஒன்றில் என் காருக்குச் சார்ஜ் ஏற்றிவிட்டுப் பொத்தானைக் கையுறையோடு அழுத்தினேன். பிளக் சுகமாகக் கழன்றது. நம்ப முடியாமல் திரும்பவும் செருகினேன், திரும்பவும் கழற்றினேன். ஆறேழு தரம் செய்திருப்பேன். பின்னால் தன் முறைக்குக் காத்து நின்ற அண்ணை ஒருவர் இறங்கி வந்தார்.

"என்ன தங்கச்சி, பழுதே?"

"இல்லை அண்ணை. உந்தப் பொத்தானுக்கு விதி எழுதினது நான்தான்."

அவர் என்னையும் பிளக்கையும் மாறி மாறிப் பார்த்தார். "அப்ப வயரையும் கொஞ்சம் நீளமா எழுதியிருக்கலாமே? என்ர காருக்கு எட்டுறேல்லை."

அடுத்த கூட்டத்தில் வயரின் நீளம் பற்றி யார் எழுதுவது என்று தலைவர் கேட்டார். அவர் கேட்டு முடிக்கும் முன்பே என் கை மேலே போயிருந்தது.