காயாத பஞ்சு

நம்பினால் நம்புங்கள், இல்லாவிட்டால் விடுங்கள். இது எனக்கு நடந்தது, அதுவும் பட்டப்பகலில். தானமாக எழுதி வைத்தவர்கள் இறந்ததும் வீட்டுக்கே போய்க் கண்களை எடுத்து வருவது என் வேலை. பதினாலு வருஷம். பிணத்துக்குப் பயந்தால் என் அடுப்பில் பூனைதான் தூங்கும்.

மதியம் 1.20. அலுவலகத் தொலைபேசியில் ஒரு தேய்ந்த குரல், முகவரி சொன்னது.

"மூச்சு நின்னுடுச்சு. கண்ணு எழுதி வச்சிருக்கு. வாங்க."

"ஃபேனை நிறுத்துங்க. தலையைத் தூக்கி வைங்க. மூடின கண்ணு மேல ஈரப் பஞ்சு. காய விடாதீங்க. கூட யார் இருக்கா?"

"யாருமில்ல. கண்ணு எவ்ளோ நேரம் உயிரோட இருக்கும்?"

"ஆறு மணி நேரம்."

"சரி. அதுவரைக்கும் நான் இருக்கேன்."

2.05. கீழ்வீடு பூட்டியிருந்தது. மாடியில் இறந்தவருடைய அக்கா. விஷயத்தைச் சொன்னதும் சுவரைப் பிடித்துக்கொண்டார்.

"தம்பியா? நீங்க சொல்லித்தான் எனக்கே தெரியும்... நாங்க பேசி ஒன்பது வருஷமாச்சு."

அவரிடமிருந்த மாற்றுச் சாவியால் திறந்தோம். ஒற்றைக் கட்டில், ஒரே தட்டு, ஒரே டம்ளர். என் அறையையே பார்ப்பது போலிருந்தது. விசிறி ஓடவில்லை. தலைக்கு இரண்டு தலையணை. கண்கள்மேல் பஞ்சு, சொட்டச் சொட்ட ஈரம். வீட்டில் வேறு யாருமில்லை.

பக்கத்துத் தெரு டாக்டர் வந்து கையை மடக்கிப் பார்த்தார். "நல்லா விறைச்சுப் போச்சு. காலையில பத்து மணிக்கே போயிருக்கணும்."

அப்படியானால் நாலு மணிக்குள் எடுத்தாக வேண்டும். தவறினால் அந்த மனிதரின் கடைசி ஆசை வீண். அக்கா கையெழுத்துப் போட்டுவிட்டு, பார்க்க மனமில்லாமல் டாக்டரோடு வெளியே போனார்.

நான் மட்டும்.

சொட்... சொட்...

குழாய் மூடித்தான் இருந்தது. சத்தம் கட்டிலோரம். நான் திரும்பவில்லை. கை நடுங்கினால் கண் போச்சு.

சொட்...

3.48. இரண்டாவது கண்ணையும் புட்டியில் வைத்து மூடினேன்.

சத்தம் நின்றது.

குனிந்தேன்.

தரையில் ஒரு தண்ணீர்க் கிண்ணம். அதன்மேல் தொங்கிய அவர் வலது கை... விரல் நுனிகள் ஊறிச் சுருங்கியிருந்தன.

மாலையில் பதிவேட்டில் எழுதுவதற்காக அக்காவிடம் தம்பியின் எண்ணைக் கேட்டேன். 1.20க்கு வந்த அதே எண்.

நானும் தனிக்கட்டை. மறுநாளே என் கண்களை எழுதிக் கொடுத்துவிட்டேன். எனக்காக யார் கூப்பிடுவார்கள் என்ற கவலை இப்போது இல்லை.