நேமத்து பஸ்ஸில் அரைமணி நேரம்

பக்கத்து மனையில் வீடு எழும்புகிறது. ஈரச் சிமெண்ட் வாசனை ஜன்னல் வழியே வருகிறது. உங்களுக்கு எப்படியோ, எனக்கு அந்த வாசனை வந்தாலே திருவனந்தபுரத்தில் சாலைக் கடைத்தெருவுக்குப் பின்னாலிருந்த சந்தும், அங்கே வெகுநாள் எழும்பாமல் நின்ற மாடியும்தான் ஞாபகம்.

கல்யாணமாகி மூன்று மாதம். நான் சர்க்கார் குமாஸ்தா. மனைவி செண்பகம் கோட்டைப் பக்கம் பள்ளிக்கூட டீச்சர். இரும்புக்கடை அண்ணாச்சி எங்கள் நாஞ்சில் நாட்டுக்காரர். அந்தச் சந்திலிருந்த தன் வீட்டின்மேல் மாடி எடுத்து எங்களுக்கு வாடகைக்குத் தருவதாகச் சொல்லி, செங்கல்லும் இறக்கிவிட்டார். நகரசபை ஓவர்சியர் வந்து குடையாலேயே சந்தின் அகலத்தை அளந்தார்.

"இத்ர இடுங்கின சந்தில மாடி பற்றில்லா. முன்வசம் ஆறடி விடணும்."

"முன்னால ஆறடி விட்டா முன்னறை போயிருமே, நான் எங்கவே படுக்க?" என்றார் அண்ணாச்சி.

அந்த விதியால் யாரும் மாடி எடுக்க முடியாததால், கோட்டையைச் சுற்றியிருந்த கொஞ்ச வீடுகளுக்கும் வாடகை ஏறி, எங்கள் கைக்கு எட்டவில்லை. கரமனை ஆற்றுக்கு அப்பால் நேமத்தில், அண்ணன் வீட்டின் பின்னறையில் ஒண்டிக்கொண்டோம். மதினி, நாலு பிள்ளைகள். தனியாக ஒரு வார்த்தை பேச வழியில்லை.

பேச்செல்லாம் காலை பஸ்ஸில்தான். கண்டக்டர் எங்களைக் காணாமல் மணி அடிக்கமாட்டார். "வேகம் கேறு, டீச்சரே!" என்று சீக்கிரம் ஏறச் சொல்லுவார். வயல்மேல் பனி கிடக்கும். செண்பகம் அவள் ஊரை, செத்துப்போன தங்கச்சியை, தனக்கு வரும் கனவுகளை எல்லாம் சொல்லிக்கொண்டே வருவாள். இன்ஜின் சத்தத்தில் பாதி காதில் விழாது. மண்டு நான், எல்லாவற்றுக்கும் தலையாட்டுவேன்.

பிள்ளை உண்டாகி ஆறாம் மாதத்தில் ஒருநாள் கூட்டத்தில் உட்கார இடமில்லை. நின்றபடியே மயங்கிச் சரிந்தாள். கரமனைப் பாலத்தருகே பஸ்ஸை நிறுத்தி, யாரோ சோடா வாங்கி வந்தார்கள். அவளுக்கு ஒன்றுமில்லை.

சாயங்காலம் அண்ணாச்சியிடம் போய்ச் சொன்னேன்.

"பிள்ளத்தாச்சிய பஸ்லயா இழுத்தடிக்கே? முன்னறைய இடிச்சிருவோம்வே. நான் கடையில படுத்துக்கிடுதேன்."

இடித்தார். பிள்ளை பிறந்து அவள் தாய்வீட்டிலிருந்து திரும்பியபோது மாடி தயார். பள்ளிக்கூடமும் ஆபீசும் நடக்கிற தூரம்.

மறுபடி வேலைக்குக் கிளம்பிய முதல் நாள் வாசலில் நின்று கேட்டாள்: "இனி நாம எப்பம் பேசுவோம்?"

"வீட்டுலதானே இருக்கோம்!" என்று சிரித்தேன்.

அந்த மாடியில் பல வருஷம் இருந்தோம். அரிசி, விறகு, பிள்ளையின் இருமல் எல்லாம் பேசினோம். கனவு எதையும் அவள் அப்புறம் சொன்னதில்லை, நானும் கேட்கவில்லை. நேமம் வரைக்கும் இப்போது வீடுகள்தான். செண்பகம் போய் நாலு வருஷமாகிறது.