வெந்த கம்பளியில் எழுந்த மலை

ஈரமான ஆட்டு ரோமம் கொதிநீரில் வேகும்போது எழுகிற வாடையில் கெட்டுப்போன வெண்ணெயும் கருகிய கொம்பும் சரிபாதியாகக் கலந்திருக்கும். வேதியியல் பேராசிரியையாகப் பணியாற்றிய காலத்தில் ஆய்வுக்கூடத்தின் எத்தனையோ நெடிகளை முகம் சுளிக்காமல் கடந்து வந்தவள் நான். இந்த ஒரு வாடை மட்டும் எட்டாம் வகுப்பில் படித்த ஆண்டின் ஒரு சனிக்கிழமைக்கு என்னை இழுத்துச் சென்று நிறுத்திவிடும். அன்று நடந்ததைச் சென்ற மாதம் வரை நான் எவரிடமும் சொன்னதில்லை.

தேன்கனிக்கோட்டையில் நாங்கள் படித்த பள்ளியின் ஆண்டு விழாவுக்காகக் கைவேலை டீச்சர் ஒரு பெரிய படத்துக்குத் திட்டமிட்டார். நான்கு கோணிகளைப் பிரித்து ஒன்றாகத் தைத்து, அதன் மேல் எங்கள் சுற்றுவட்டாரத்தின் காட்டையும் மேட்டையும் வகுப்பே சேர்ந்து ஒட்டி உருவாக்க வேண்டும். ஒவ்வொரு வீட்டிலிருந்தும் ஒரு பொருள் வர வேண்டும். கடையில் வாங்கிய நூல் ஓரிழைகூட ஆகாது. ராகித் தாளும் ஆமணக்கு ஓடும் மூங்கில் சீவலும் வந்து குவிந்தன. தமிழும் கன்னடமும் தெலுங்கும் ஒரே பெஞ்சில் நெருக்கியடித்து உட்கார்ந்த வகுப்பு அது. புளியங்கொட்டைகளை அடுக்கி நான் யானை செய்துகொண்டிருந்தபோது, காட்டோரத்தில் நிலம் வைத்திருந்த வீட்டுப் பெண் ஒருத்தி, "லீடரு, யானையக் கொஞ்சம் தள்ளி ஒட்டு. பக்கத்துல இருக்கறது எங்க ராகி" என்றாள். டீச்சரே சிரித்துவிட்டார்.

லீடர் என்பது நான்தான். தாலுகா அலுவலகத்தில் பொறுப்பான பதவியில் இருந்தவரின் மகள், முதல் மதிப்பெண்காரி. "துணியில பட்ட கறை வெள்ளாவியில போயிடும், பேர்ல பட்டது போகாது" என்று அப்பா அடிக்கடி சொல்வார். அதை நான் பாடம்போல மனத்தில் வைத்திருந்தேன்.

படத்தின் மேற்பகுதி முழுவதையும் கம்பளி மேகங்களால் நிரப்புவதாக ஏற்பாடு. ஆடு மேய்க்கும் வீட்டிலிருந்து வந்த மல்லம்மா, கத்தரித்துக் கழுவாத ரோமத்தை ஒரு பெரிய மூட்டையாகக் கொண்டுவந்தாள். அதைச் சுத்தம் செய்யும் பொறுப்பை நானே கேட்டு வாங்கிக்கொண்டேன். மூட்டையைக் கொடுக்கும்போது அவள், "சுடுதண்ணி ஆகாதாம் லீடரு, பச்சத்தண்ணியில அலசினாப் போதும்னு எங்கப்பா சொல்லிச்சு" என்றாள். எனக்கே பாடம் சொல்கிறாளா என்று நினைத்தேன்.

எங்கள் வீட்டில் வெளியிலிருந்து வரும் துணி எதுவானாலும் வெள்ளாவி வைத்த பிறகுதான் உள்ளே வரும். "வேகாதது சுத்தமில்ல" என்பது அம்மாவின் சட்டம். மல்லம்மா வீட்டு மூட்டையைக் கண்டதும் அந்தச் சட்டம் இன்னும் கடுமையானதன் காரணம் அழுக்கு மட்டுமல்ல என்பது அப்போதே எனக்கு ஓரளவு தெரியும். அண்டாவில் சோடா உப்பைக் கரைத்து, ரோமத்தை அமுக்கி வேகவைத்து, கோலால் கிளறி, கிணற்றுநீரை ஊற்றித் துவைகல்லில் ஓங்கி அடித்தேன். பருத்தியானால் பூவாய் வெளுத்திருக்கும். ஒரு கூடை நிறைய இருந்த ரோமமோ அடிக்க அடிக்கச் சுருங்கி, இறுகி, கடைசியில் பூசணிக்காய் அளவில் சாம்பல் நிறக் கட்டியாகக் கையில் நின்றது.

திங்கட்கிழமை டீச்சரிடம், "அலசினேன் டீச்சர், இப்படி ஆயிடுச்சு" என்றேன். அதில் பாதி உண்மை. மீதிப் பாதியை வகுப்பே இட்டு நிரப்பிக்கொண்டது. "நல்லத வித்துட்டுக் கழிசலக் குடுத்துட்டீங்களா மல்லி?" என்று ஒருத்தி கேட்டாள். "உங்க ஆடு கல்லத் தின்னுதா?" என்றாள் இன்னொருத்தி. மல்லம்மா ஒருமுறை என்னைப் பார்த்தாள். நான் கரும்பலகையைப் பார்த்தேன்.

மறுநாள் அவளுடைய அப்பா தோளில் கம்பளியும், கையில் மேகத்துக்கென்று புது ரோமம் கட்டிய சிறு மூட்டையுமாக வகுப்பு வாசலில் வந்து நின்றார். அந்தக் கட்டியை வாங்கி இரண்டு விரலால் அழுத்திப் பார்த்தார்.

"டீச்சரம்மா, இது வெந்துபோன முடிங்க. எங்க குரிங்க மேல குத்தம் இல்லீங்க."

'குரி' என்பது கன்னடத்தில் ஆடு.

"யாரு வேக வெச்சதுன்னு கேக்க வரலீங்க. நாளைக்கு நாலு பேரு எங்கிட்ட முடி வாங்கோணும். பேரு கெட்டா ஆட்டயா திங்க முடியும்?"

டீச்சர் வகுப்பை நோக்கித் திரும்பினார். எழுந்து நிற்க எனக்கு ஒரு கணம் வாய்த்தது, நான் எழவில்லை. என் பேரைக் காப்பாற்றிக்கொள்ள இன்னொருவர் பேரைச் செலவழித்துக்கொண்டிருக்கிறேன் என்று தெரிந்தே உட்கார்ந்திருந்தேன். மல்லம்மாதான் எழுந்தாள். அப்பாவின் கையிலிருந்த கட்டியை வாங்கி, கோணியில் வெற்றாகக் கிடந்த இடது மூலையில் வைத்தாள். "இது மலையா இருக்கட்டும் டீச்சர்" என்றாள்.

சாம்பல் நிறமும் மடிப்பும் புடைப்புமாக, எங்கள் பக்கத்துப் பாறைக்குன்று அப்படியே வந்து உட்கார்ந்தது. விழாவில் எல்லோரும் தொட்டுப் பார்த்தது அந்த மலையைத்தான். லீடர் என்ற முறையில் மேடையேறிப் பரிசை வாங்கியவள் நான்.

இப்போது நான் ஒசூரில் அடுக்குமாடிக் குடியிருப்பொன்றில் வசிக்கிறேன். சென்ற மாதம் இங்குள்ளவர்கள், தொழிற்சாலை ஷிஃப்ட் முடித்து வந்த பெண்கள் உட்பட, கம்பளியும் விதையும் மரப்பட்டையும் கொண்டு பொதுக்கூடத்தின் சுவருக்கு ஒரு படம் செய்தார்கள். மலைக்காக ரோமத்தை வேண்டுமென்றே வெந்நீரில் பிசைந்து இறுக்கினார்கள். அதற்கென்றே செய்முறை இருக்கிறதாம். வாடை மாடிவரை வந்தது. கீழே இறங்கிச் சென்றேன்.

"மேடம், நீங்க இத முன்னாடி பார்த்திருக்கீங்களா?" என்று ஒரு பெண் கேட்டாள்.

"செஞ்சிருக்கேன்" என்றேன்.

எங்கள் கோணிப்படம் இன்று இல்லை. பள்ளிக் கட்டடம் மாறியபோது கரையான் அரித்த நிலையில் வெளியே எறிந்துவிட்டார்களாம். அந்தப் பாறைக்குன்றையும் பாதிக்குமேல் வெட்டி எடுத்துவிட்டார்கள். மல்லம்மா எங்கே இருக்கிறாள் என்று எனக்குத் தெரியாது. புதிய படத்தின் கீழே ஒட்ட நாலு வரி எழுதித் தரும்படி கேட்டார்கள். ஒரு வரி போதும் என்று எழுதிக் கொடுத்தேன். கையெழுத்தும் இட்டிருக்கிறேன்:

"முதல் மலையை வேகவைத்துக் கெடுத்தவள் நான்; அதை மலையாக்கியவள் மல்லம்மா; அவள் அப்பாவின் ஆடுகள் மேல் குற்றமில்லை."